திருப்பி எறிந்த பந்து

சின்னப் பிள்ளைகளை விளையாட்டுப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், பிள்ளை சிரிக்கவேண்டும் என்றுதான் போவார்கள். நான் போனது என் மகள் ஒரு தடவையாவது அழட்டும் என்று. கேட்கிறவர்களுக்கு இது விசர்க்கதையாக இருக்கும். ஆனால் அந்த ஐந்து மாதங்களும் நான் இருந்த இருப்பில் எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, வேலைக்குப் போகமுன் வாசலில் பனி தள்ளப் போன என் கணவர் திரும்பி உள்ளே வரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னார். நின்றுபோக அது என்ன மணிக்கூடோ என்று அந்த மனுசனைக் கேட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். துக்கம் வந்தும் அது குறையவில்லை. மகளுக்கு அப்போது ஆறு வயதாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அவள் அழவில்லை. செத்தவீடு நடந்த மண்டபத்தில் முன்வரிசைக் கதிரை ஒன்றில், கால் நிலத்தில் எட்டாமல், மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தடவிவிட்டு, "என்ன பொறுப்பான பிள்ளை" என்று என்னிடம் வந்து சொன்னார்கள். அந்த நேரம் எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, சனமெல்லாம் போய், வீடு வெறிச்சோடிய பிறகுதான் நான் அவளை வடிவாகப் பார்த்தேன்.

முந்தி அவள் எதற்கும் அழுகிற பிள்ளை. வாழைப்பழம் உரிக்கும்போது நடுவில் முறிந்தால் அதற்கு ஒரு அழுகை. சிவப்புக் கோப்பைக்குப் பதிலாக நீலக் கோப்பையில் பால் கொடுத்தால் அதற்கு ஒன்று. "உன்ரை மகளுக்கு உன்ரை வாய்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அப்படிப்பட்டவள் இப்போது போட்டதைச் சாப்பிட்டாள். சப்பாத்துகளைச் சோடி பார்த்து அடுக்கிவைத்தாள். எதையும் கேட்கவில்லை. பார்க்கில் விழுந்து முழங்கால் உரஞ்சி இரத்தம் வழிந்தபோது, அதைக் குனிந்து பார்த்து, எச்சிலை விழுங்கிவிட்டு, "ஐ ஆம் ஓகே அம்மா" என்றாள். பள்ளிக்கூடத்து ரீச்சர் போன் எடுத்து, வகுப்பிலேயே நல்ல பிள்ளை உங்கள் மகள்தான் என்று சொன்னா. நன்றி சொல்லி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

குடும்ப டொக்டரிடம் கொண்டுபோனேன். காலம் எடுக்கும், வற்புறுத்தாதீர்கள் என்றார். 

இன்னொன்றும் இருந்தது. காலையில் நான் எழும்ப முதல் அவள் தன் கட்டிலிலிருந்து வந்து, என் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். பேசமாட்டாள். கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழும்பிப் போய்ப் பல்லுத் தீட்டுவாள். அப்பாவின் செல்லமாக இருந்தவள் இப்போது என்னோடு ஒட்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. நான் அழுவதெல்லாம் குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான். பிள்ளைக்குக் கேட்கக்கூடாது என்று.

பேஸ்போல் என் கணவரின் பைத்தியம். அவர் பத்து வயதில் தாயோடு இந்த நாட்டுக்கு வந்தவர். ஆங்கிலம் தெரியாமல் பள்ளிக்கூடத்து மைதானத்தின் ஓரத்தில் நின்ற பிள்ளைக்கு யாரோ ஒரு கையுறையைக் கொடுத்துப் பந்தைப் பிடிக்கச் சொன்னார்களாம். அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை என்பார். அவருடைய அண்ணை யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டுப் பல வருடம் கழித்து வந்தவர். அவர் பள்ளிக்கூட அணிக்குக் கிரிக்கெற் விளையாடியவர், எல்லைக் கோட்டில் நின்று பந்து பிடித்து எறிவதில் பெயர் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மல்வேர்ன் வீட்டுக்கு வந்தால் அண்ணன் தம்பி இருவருக்கும் ரீவிக்கு முன்னால் இதே சண்டைதான்.

"உது என்னடா விளையாட்டு. ஒருத்தன் எறியிறான், மற்றவன் அடிக்காமல் விடுறான், மிச்ச ஆக்கள் சூயிங்கம் சப்பிக்கொண்டு நிக்கினம்."

"அண்ணை, நீங்கள் அஞ்சு நாள் விளையாடிப்போட்டு ஒருத்தரும் வெல்லேல்லை எண்டு வீட்டை போற ஆக்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது."

மகள் இவர்களுக்கு நடுவில், தகப்பனின் கையுறையைத் தலையில் தொப்பிபோலப் போட்டுக்கொண்டு இருப்பாள். தன்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரே நச்சரிப்பு. "ஆறு வயசு வரட்டும்" என்பார் அவர். "இப்ப போனால் பாதியிலை நித்திரை கொண்டிடுவாய். ஆறு வயசிலை போவம். பின்பக்கச் சீற்றிலை இருப்பம், அங்கைதான் பெரிய அடி அடிச்சால் பந்து வரும். அப்பா பிடிச்சுத் தாறன்."

"திருப்பிக் குடுக்கோணுமோ?"

"இல்லை. பிடிச்சவைக்குத்தான் பந்து. வீட்டை கொண்டுவரலாம்."

சித்திரையில் அவளுக்கு ஆறு வயதானது. கேக் வெட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த நாள் கட்டில் விரிப்பு மாற்றும்போது, தலையணைக்குக் கீழே அந்தக் கையுறை இருந்தது. வாசல் தட்டில் கிடந்ததை எப்போது எடுத்தாளோ தெரியாது. எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, போவோமா என்றும் கேட்கவில்லை. நான் அதை அங்கேயே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். அன்றைக்குத்தான் நினைத்தேன், தகப்பன் இல்லாத அந்த இடத்தில் கொண்டுபோய் இருத்தினால் இந்தப் பிள்ளை அழும் என்று. அழுதுவிட்டால் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு மூன்று ரிக்கற் எடுத்தேன், அவர் சொன்ன அதே பின்பக்கத்தில்.

எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் அன்ரிக்கு விசயம் எப்படித்தான் போகுமோ, அன்று பின்னேரமே வந்துவிட்டா. இரத்த உறவு இல்லை. ஆனால் செத்தவீட்டுத் துடக்குக் கழியும்வரை எங்கள் வீட்டு அடுப்பு எரியாமல் இருந்த நாட்களில், மூன்று நேரச் சாப்பாடும் அந்த மனுசியின் கையால்தான் வந்தது. அதை நான் எந்தக் காலமும் மறக்கமாட்டேன்.

"பிள்ளை, ஆண்டுத் திவசம் இன்னும் முடியேல்லை. கோயில் கொடியேற்றத்துக்கே நீர் வரேல்லை. விளையாட்டுப் பாக்கப் போனால் நாலு சனம் என்ன சொல்லும்?"

"நாலு சனமும் வந்து ஒருக்கால் என்ரை பிள்ளையைப் பாக்கட்டும் அன்ரி. பாத்துப்போட்டுப் பிறகு சொல்லட்டும்."

"ஏன், பிள்ளைக்கு என்ன? தங்கமான பிள்ளை. ஒரு சத்தம் இல்லை."

"அதுதான் அன்ரி நானும் சொல்லுறன்."

அவவுக்கு விளங்கவில்லை. கொண்டுவந்த கத்தரிக்காய்க் கறியை வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு போனா.

அண்ணையைக் கூட வரச்சொல்லிக் கேட்க எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. கணவரைப் பார்த்து நானும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் ஒவ்வொரு ஞாயிறும் ஒஷாவாவிலிருந்து வருவார். புல் வெட்டுவார், கழன்ற கதவுப் பிடியை இறுக்குவார், மாதா மாதம் மாசியம் வந்தால் ஐயருக்கு முன்னால் இருந்து தம்பிக்குச் செய்யவேண்டியதைச் செய்வார். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. எரிக்கிற இடத்தில் பெட்டியை உள்ளே அனுப்புகிற பொத்தானை அமத்தியதும் அவர்தான். அதற்குப் பிறகு தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்கவில்லை. ரீவி அறைப் பக்கம் போவதும் இல்லை.

"எனக்கு உது விளங்காது, பிள்ளை" என்றார். பிறகு, "ஆனா வாறன்" என்றார்.

அந்த ஞாயிறு அவர் நீளக்கைச் சேர்ட்டு அயன் பண்ணிப் போட்டு, கலியாணவீட்டுக்குப் போகிறவர்போல வந்து நின்றார். இன்னொரு நாளாக இருந்தால் நான் சும்மா விட்டிருக்கமாட்டேன். மகள் கையுறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஸ்டேசனில் காரை விட்டுவிட்டு ரயில் எடுத்து டவுன்டவுன் போனோம். பெட்டி முழுக்க நீலச் சட்டைக்காரர்கள். தகப்பன்மாரின் தோளில் பிள்ளைகள். நான் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தபடி வந்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்தின் கூரையைத் திறந்துவிட்டிருந்தார்கள். படியேறி வந்து அந்தப் பச்சையை முதன்முதல் பார்த்தபோது நானே படியில் நின்றுவிட்டேன். ரீவியில் பார்த்தது ஒன்று, இது வேறு. இந்த இடத்தில் அவர் நிற்காமல் நான் நிற்கிறேனே என்று நினைத்தேன். மகளின் கையைப் பிடித்தேன். கண் அகலப் பார்த்தாள். அவ்வளவுதான். "நல்ல பெரிசு" என்றாள். இருக்கையைக் கண்டுபிடித்து, எனக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் ஒழுங்காக இருந்து, கையுறையைப் போட்டுக்கொண்டாள். அவளுடைய கை அதற்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. ஹொட் டோக் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஐஸ்கிறீம்? வேண்டாம். தண்ணீர் தந்தால் குடித்தாள். எல்லாரும் எழும்பினால் எழும்பினாள், கைதட்டினால் கையுறையைக் காலில் அடித்தாள். யாரோ ஒருவரின் வேலையைச் செய்ய வந்தவள்போல இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம் மூண்டது. அவளில் இல்லை. வெறும் வயிற்றோடு காலையில் பனி தள்ளப் போன மனுசனில். சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று சொன்னேனே, கேட்டாரா. பாதி ஆட்டம் போய்விட்டது. நான் போட்ட கணக்கு பிழைத்துவிட்டது, இந்தப் பிள்ளை இனி இப்படித்தான் என்று எனக்குப் பட்டது.

அப்போதுதான் அந்த அடி விழுந்தது. அடித்தவன் எதிரணிக்காரன். சத்தத்திலேயே சனம் எழும்பிவிட்டது. பந்து உயரப் போனது, எங்கே என்று தேடினேன், தேடியபோதே அது எங்கள் பக்கம் இறங்குவது தெரிந்தது. மகள் இருக்கையில் ஏறி நின்றாள். கையுறையை இரண்டு கையாலும் விரித்து மேலே பிடித்தாள். அவளுடைய முகத்தை நான் பார்த்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அதில் ஒரு ஆசை தெரிந்தது. பந்து நேரே அவள் தலைக்குத்தான் வந்தது.

அண்ணை எழும்பினார். வெறுங்கையை அவளுடைய முகத்துக்கு முன்னால் கொண்டுபோய்ப் பந்தைப் பிடித்து, நெஞ்சோடு இழுத்தார். கையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் மட்டும் அங்கே இல்லையென்றால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆனால் பிடித்த கை அதோடு நிற்கவில்லை. ஒரு கால் பின்னே போனது, தோள் திரும்பியது, பந்து போய்விட்டது. அயன் பண்ணிய சேர்ட்டின் கக்கம் கிழிந்தது. தாழ்வாக, நேராக, பச்சைக்கு மேலால் போய் நடுவில் நின்ற ஒருவனின் காலடியில் அது விழுந்தது. கிரிக்கெற்றில் ஒரு பந்துதான். அது திரும்பி வந்தால்தான் ஆட்டம் நடக்கும். எல்லைக் கோட்டில் நின்றவனுக்கு அது எலும்பில் ஊறிய பழக்கம். அதை யோசித்துச் செய்வதில்லை.

எங்கள் பகுதி முழுக்க எழும்பி ஆர்ப்பரித்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. எதிரணிக்காரன் அடித்த பந்தை வேண்டாம் என்று திருப்பி எறிவதை இங்கே ஒரு வீரமாக வைத்திருக்கிறார்களாம். பின்னால் இருந்தவர்கள் அண்ணையின் முதுகில் தட்டினார்கள். பெரிய திரையில் எங்களைக் காட்டினார்கள். சிவந்த உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு அண்ணை சிரித்தார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அப்போதுதான். என் மடியில் போன் அதிர்ந்தது. அன்ரி. ரீவியில் கண்டுவிட்டா என்று நினைத்தேன். அணைத்துவிட்டேன்.

மகள் இன்னும் இருக்கையில் நின்றாள். கையுறை விரித்தபடியே இருந்தது. அதற்குள் பார்த்தாள். மைதானத்தைப் பார்த்தாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்தாள்.

"ஏன் எறிஞ்சனீங்கள்?"

அண்ணையின் சிரிப்பு நின்றது. "அவங்கள் தேடுவாங்களெல்லோ, குஞ்சு."

"அவையளிட்டை வேற பந்து இருக்கு. நிறைய இருக்கு." அவளுடைய உதடு பிதுங்கியது. "அப்பா எண்டால் எனக்குத் தந்திருப்பார்."

அண்ணைக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். கையைக் கீழே போட்டார். "ஓம், ராசாத்தி" என்றார். "அவன் தந்திருப்பான்." பிறகு தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், யாரோ இரண்டு வரிசை தள்ளி நிற்கிறமாதிரி. சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு இருக்கையில் சரிந்தார்.

மகளின் வாய் கோணியது. முதலில் சத்தம் வரவில்லை. கையுறையைக் கழற்றிக் கையுறையாலேயே வாயைப் பொத்தினாள். அதையும் தாண்டி வந்தது. வாழைப்பழம் முறிந்தால் அழுகிற அதே அழுகை, அதே குரல். எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவளைத் தூக்கி மடியில் வைத்தேன். அவளோ என்னிடமிருந்து விலகி, என் முகத்தைப் பயத்தோடு பார்த்தாள்.

"ஸொறி அம்மா. ஸொறி. நான் இப்ப நிப்பாட்டுறன்."

"ஏன் நிப்பாட்டுறாய்? அழு அம்மா."

"ஏலாது. நான் அழமாட்டன் எண்டு அன்ரிக்கு ப்ரொமிஸ் பண்ணினனான்."

"எப்ப? ஏன்?"

விக்கலுக்கு நடுவில் துண்டு துண்டாக வந்தது. "அப்பாவைப் பெட்டிக்குள்ளை வைச்ச அண்டைக்கு. அன்ரி சொன்னவ. நான் அழுதால் அம்மா தாங்கமாட்டாவாம். அம்மாவுக்கும் ஏதும் நடந்திடுமாம். அப்பான்ரை ஹார்ட் மாதிரி."

கடைசி வார்த்தையை அன்ரி சொல்லியிருக்கமாட்டா. அது அவள் தானாகச் சேர்த்தது. மற்றதெல்லாம் நாங்கள் சொல்கிறதுதான். எந்தச் செத்தவீட்டிலும் பிள்ளையின் முகத்தைப் பிடித்து யாராவது ஒருத்தி சொல்லும் கதைதான். நானே எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னேனோ. அன்ரியை அந்த நிமிடம் கண்டிருந்தால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்குமோ தெரியாது. ஆனால் அந்த மனுசி அன்பில்தான் சொன்னா. அது எனக்கும் தெரியும்.

காலையில் என் நெஞ்சில் ஏன் காதை வைத்தாள் என்று அப்போது விளங்கியது. செல்லம் கொஞ்ச இல்லை. அடிக்கிறதா என்று பார்க்க. பல்லுத் தீட்டப் போகமுன், பள்ளிக்கூடம் போகமுன், தாய் இருக்கிறாளா என்று ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறாள். குளியலறையில் தண்ணீர் ஓடுகிறபோது அவள் வாசலில் நின்று என்ன பாடுபட்டிருப்பாள். அழாமல் இருந்து என்னை உயிரோடு வைத்திருக்கிற வேலையை என் பிள்ளை தனியாகச் செய்துகொண்டிருந்தாள். நாங்கள் எல்லாரும் அவளை நல்ல பிள்ளை என்றோம்.

என் கண்ணிலிருந்து வந்ததை நான் துடைக்கவில்லை. அவள் பார்க்கட்டும் என்று விட்டேன். அவளுடைய தலையைப் பிடித்து, காதை என் நெஞ்சில் வைத்து அமத்தினேன்.

"கேக்குதோ?"

"ம்."

"நானும் அழுறன். பார். நிண்டுதோ?"

கொஞ்ச நேரம் கேட்டாள். "இல்லை."

"நீ அழு. எவ்வளவு வேணுமெண்டாலும் அழு. அம்மா தாங்குவன்."

பின்னால் முதுகில் தட்டியவர்கள் ஒவ்வொருவராக இருக்கையில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் ஹொட் டோக்கோடு வந்த கடதாசித் துண்டுகளை ஒன்றும் கேட்காமல் என் கையில் வைத்தாள். அதில் பாதியை அண்ணையிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் முகத்தைத் துடைக்கவில்லை. மகளின் சப்பாத்துக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

யார் வென்றார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்து சனம் எழும்பிப் போகும்வரை என் மகள் நெஞ்சிலிருந்து காதை எடுக்கவில்லை. அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.